லயத்துக்கு வந்த புரூஸ் லீ

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 'த பிக் பாஸ்' படத்தை யாரும் சீனப் படமாகப் பார்க்கவில்லை. 1971இல் ஹொங்கொங்கின் கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனம் தாய்லாந்தில் வைத்து எடுத்த படம் அது. சீனாவிலிருந்து பிழைப்புத் தேடி வருகிற ஓர் இளைஞன் சொந்தக்காரர்களோடு ஒரே வீட்டில் நெருக்கியடித்துத் தங்கி, ஐஸ் தொழிற்சாலையில் கூலி வேலைக்குச் சேர்கிறான். அங்கே ஐஸ் கட்டிக்குள் போதைப்பொருள் கடத்துகிறார்கள். அதைக் கண்டுவிட்ட தொழிலாளிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். போனவர்கள் எங்கே என்று கேட்டு மற்றவர்கள் வேலையை நிறுத்துகிறார்கள். கைகலப்பில் புரூஸ் லீயின் பலத்தைப் பார்த்த நிர்வாகம் அவனை மேற்பார்வையாளன் ஆக்கி, விருந்து வைத்து, வாயை அடைக்கப் பார்க்கிறது.

இந்தக் கதையை அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத்துச் சனத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கப்பலேறி வந்ததும், ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை படுப்பதும், குரல் கொடுத்தவனைக் கங்காணியாக்கி அடக்குவதும் எங்கள் பாட்டன்மார் சொல்லி நாங்கள் கேட்டு வளர்ந்த சங்கதிகள்.

ரூபவாஹினித் தொலைக்காட்சி 1982இல் தொடங்கியது. அதற்குப் பின்னும் பல தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கரன்ட் இல்லை. மாரியம்மன் கோயில் திருவிழா வந்தால் காம்பராவுக்கு இவ்வளவு என்று சல்லி சேர்ப்பார்கள். டவுனிலிருந்து வேனில் டிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வரும். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் மேசை போட்டுத் தூக்கி வைத்தால், கம்பளியும் சாக்குமாக முழுத் தோட்டமும் வந்து உட்காரும். முதலில் சாமி படம், அடுத்து எம்.ஜி.ஆர். அல்லது ரஜினி. நடுச்சாமத்துக்குப் பிறகு, தூங்காமல் இருப்பவர்களுக்கு புரூஸ் லீ.

படத்தில் பேசுவது ஆங்கிலம். பிள்ளைகளுக்கும் விளங்காது, பெரியவர்களுக்கும் விளங்காது. தொங்கல் காம்பரா மாமா ஏற்கெனவே அந்தப் படத்தை அட்டனில் பார்த்திருந்தார். கவ்வாத்துக் கத்தியால் காய்த்துப்போன கையை நீட்டி நீட்டி அவர் கதை சொல்வார்.

"பாருங்கடா, சண்ட புடிச்சவனயே கங்காணியாக்கிட்டான் தொரை. இனிமே அவன் வாயத் தொறக்க மாட்டான்."

"தொறப்பான் மாமா, பொறுங்க" என்று பின்னாலிருந்து ஒரு பையன் சொல்வான்.

சண்டைக்குப் போக மாட்டேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கின் அடையாளமாகப் புரூஸ் லீ கழுத்தில் ஒரு பச்சைக்கல் போட்டிருப்பான். கைகலப்பில் அது உடைகிற இடத்தில் சண்டைப் படமே பிடிக்காத என் பெரியம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கடைசியில் முதலாளியைக் கொன்றுவிட்டு அவன் பொலிஸாரிடம் தானே கையை நீட்டும்போது மைதானம் முழுக்கச் சத்தம் அடங்கிப் போகும். அந்தப் படத்தைப் பற்றி எங்கள் தோட்டத்தில் ஒரே கருத்துத்தான் இருந்தது: அவன் நம்மாள்.

பிறகு கொஞ்ச காலம் பொடியன்கள் எல்லாரும் குங்ஃபூக்காரர்கள். காய்ந்த தேயிலை மிலாறில் நேரான இரண்டு துண்டு வெட்டி, பழைய சைக்கிள் செயினால் இணைத்து, 'என்டர் த டிராகன்' படத்தில் பார்த்ததுபோல் சுழற்றினோம். அந்தப் படம் வெளிவருவதற்கு முன்பே, 1973 ஜூலை 20 அன்று, முப்பத்திரண்டு வயதில் புரூஸ் லீ இறந்துவிட்டார் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் நம்பவில்லை.

அந்தப் பழக்கம் நீடிக்கவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலும் தமிழ்ப் பொடியன்கள் சேர்ந்து நிற்பதே சந்தேகத்துக்குரிய காரியமாகிவிட்டது. விடியற்காலையில் ஒன்றாகக் கூடி உதைத்துப் பழகினால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள் என்று பெற்றோர் அஞ்சினார்கள். மிலாறுத் துண்டுகள் அடுப்புக்குப் போயின. எங்களுக்கு மிஞ்சியது திருவிழாச் சிலம்பம் மட்டும். அதைத் தமிழ்நாட்டிலிருந்து மூட்டை முடிச்சோடு கொண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் சாமி ஊர்வலத்தில் கம்பு சுற்றுகிறார்கள்.

கருத்துகள் பிரியத் தொடங்கியது 2011 தீபாவளியில். அந்த அக்டோபர் 26 அன்று ஒரே நாளில் இரண்டு படங்கள் வந்தன. ஏ.ஆர். முருகதாஸ் இயக்கத்தில் சூர்யா நடித்த '7ஆம் அறிவு' ஒன்று, விஜய் நடித்த 'வேலாயுதம்' மற்றது. தீபாவளி அட்வான்ஸ் கையில் இருந்த இளைஞர்கள் இரண்டு கட்சியானார்கள். 'வேலாயுதம்' நாயகன் ஒரு கிராமத்தான். பத்திரிகைக்காரப் பெண் கற்பனையாக எழுதிய பெயர் அவன் தலையில் வந்து விழுகிறது, அவனும் முக்காடு போட்ட வீரனாகிறான். '7ஆம் அறிவு' போதிதர்மரைக் கொண்டு வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குப் போன பல்லவ இளவரசர், அங்கே வைத்தியமும் தற்காப்புக் கலையும் கற்றுக்கொடுத்தார் என்றது படம்.

சிலம்பம் பழகிய குடும்பங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. டெக்கில் பார்த்து நாங்கள் வியந்த வித்தை எங்கள் கம்பிலிருந்துதான் போனதா என்று ஒரு பெரியவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். பாடசாலை ஆசிரியர் ஒருவர் அதை மறுத்தார். போதிதர்மரைத் தென்னிந்திய அரச குமாரர் என்று சொல்லும் சீன நூல்கள் உண்டு, ஆறாம் நூற்றாண்டின் பழைய நூலொன்று அவரைப் பாரசீகர் என்றும் சொல்கிறது. அவர் ஷாவோலின் மடத்தில் சண்டைக் கலை கற்பித்தார் என்ற கதையோ 'யிஜின்ஜிங்' என்ற பிற்கால நூலை நம்பி நிற்கிறது, அது பதினேழாம் நூற்றாண்டுச் சரக்கு என்பதே ஆய்வாளர் முடிவு. இதுதான் அவர் வாதம். 'எங்களுக்கென்று ஒரு பெருமை வந்தால் உடனே பறிக்க வருவீர்களே' என்று இளைஞர்கள் கொதித்தார்கள்.

நான் இரு பக்கத்தையும் மதிக்கிறேன். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகத் தலை எண்ணிப் பங்கு போடப்பட்டு, 2003 வரை அந்தக் கணக்கு முடியாமல் கிடந்த மக்கள் நாங்கள். உலகத்துக்கே வித்தை கொடுத்தவன் உன் பாட்டன் என்று ஒரு படம் சொன்னால், அந்தச் சொல் இங்கே எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆசிரியர் சொன்னதே சரி. கோயில் வாசலில் இன்றும் சுழல்கிற கம்புக்கு ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்திய சாட்சி தேவையில்லை. கம்பும் இருக்கிறது, சுற்றுகிறவனும் இருக்கிறான். அந்தப் பெருமை போதும்.

அடுத்த வருடம் வந்தது 'முகமூடி'. மிஷ்கின் இயக்கி, ஜீவா நடித்து, 2012 ஆகஸ்ட் 31 அன்று வெளியான படம். தமிழின் முதல் சூப்பர் ஹீரோ படம் என்று பெரிதாகப் பேசினார்கள். குங்ஃபூ பழகும் இளைஞன், புரூஸ் லீயின் மேல் பைத்தியம். முகமூடிக் கொள்ளைக் கூட்டமொன்று நகரத்தில் முதியவர்களைக் கொன்று களவெடுக்கிறது. நரேன் நடித்த அதன் தலைவனும் குங்ஃபூக்காரன். சண்டைகளை அமைத்தவர் ஹொங்கொங்கிலிருந்து வந்த டோனி லியுங் சியூ ஹுங். அதே வருட ஜூலையில்தான் கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் படமான 'த டார்க் நைட் ரைசஸ்' உலகெங்கும் ஓடியிருந்தது. தமிழ்நாட்டிலும் 'முகமூடி'யை மெச்சியவர்களும் சலித்தவர்களும் இருந்தார்கள். எங்கள் லயத்தில், அதற்குள் கூரைக்குக் கூரை டிஷ் வந்துவிட்டதால், ஒரே வரிசையில் காம்பராவுக்கு ஒரு தீர்ப்பு.

அட்டனில் கராத்தே வகுப்புக்குப் போன பையன்களுக்குப் படம் பிடித்திருந்தது. கயிறு கட்டிப் பறக்காமல் கால் தரையில் ஊன்றி நிற்கிற சண்டை, அடிக்கிறவன் கையும் அடிபடுகிறவன் முகமும் ஒரே சட்டகத்தில் தெரிகிறது என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். பழகிய உடம்புக்குத்தான் பழகிய உடம்பு தெரியும். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் பேட்மேனைப் பார்த்துவிட்டு வந்த இன்னொருவன், பாதிக்கு மேல் படம் இழுக்கிறது, அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு ஆளால் நடக்கவே முடியவில்லை என்றான். முதல் பாதியில் நாயகன் வேலை வெட்டியில்லாமல் ஒரு பெண்ணின் பின்னால் சுற்றுகிறானே, பிரட்டுக்குப் போகாமல் எப்படிச் சோறு கிடைக்கிறது என்று பெரியம்மா கேட்டார். அவர் நிஜமாகவே அறிய விரும்பிக் கேட்டார்.

மாமாவின் மறுப்பு வேறு மாதிரி. கிழவராகி, காது மந்தமாகி, டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவர் முழுப் படத்தையும் பார்த்தார்.

"நல்லது செய்யிறவன் என்னத்துக்குடா மூஞ்சிய மூடுறான்?"

"அவன் யாருன்னு தெரிஞ்சா வீட்டாளுகளுக்கு ஆபத்து மாமா. அதுக்குத்தான்."

"லட்சுமணன் மூடுனானா? கோவிந்தன் மூடுனானா?"

அந்தப் பெயர்களைக் கேட்டதும் அங்கிருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு யார் என்று தெரியவில்லை. மாமா சொன்னார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் நாட்கூலியில் 16 சதம் கூட்டிக் கேட்டு நடந்த போராட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர் கோவிந்தன். 1977 மே 11 அன்று, தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து டெவன் தோட்டத்தில் தொழிலாளர் திரண்டபோது சுடப்பட்டவர் சிவனு லட்சுமணன். இருவருக்கும் குங்ஃபூ தெரியாது, கையில் ஆயுதம் இல்லை. மலையில் கூட நின்றவர்களுக்கெல்லாம் அவர்கள் முகம் தெரியும்.

மாமாவின் கேள்வியை நான் விட்டுவிடவில்லை. முகமூடி நகரத்துக்குப் பொருந்தும். அங்கே ஒருவன் ஆயிரம் பேருக்கிடையில் ஒளிந்துகொள்ளலாம். பத்துக் காம்பரா லயத்தில் யார் இருமினாலும் யார் என்று தெரியும். அங்கே ஒருவன் எழுந்து நின்றால் தன் பெயரோடுதான் நிற்க வேண்டும். 'பிக் பாஸ்' நாயகனும் அப்படித்தான் நின்றான். அதனால்தான் மொழி விளங்காமலே அவனை ஏற்றுக்கொண்டவர்கள், எல்லாம் விளங்கிய தமிழ்ப் படத்தின் முன் தயங்கினார்கள்.

இப்போது பிரட்டுக்களத்தில் டெக் இல்லை. படம் கைபேசிக்குள் போய்விட்டது, ஒரே கட்டிலில் இருவர் இரண்டு படம் பார்க்கிறார்கள். பாடசாலையில் கராத்தே பழகும் என் தங்கை மகள் 'முகமூடி'யை அப்படித்தான் பார்த்தாள்.

"எல்லாருக்கும் குங்ஃபூ தெரியுது. ஹீரோயினுக்கு மட்டும் ஏன் மாமா தெரியல?" என்றாள்.

பெண்கள் கொழுந்து பறித்தே நிமிர்ந்த தேயிலை நாட்டில் இவ்வளவு காலம் எங்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அவளே ஒரு பதிலையும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த மலையாளப் படம் 'மின்னல் முரளி'. பேசில் ஜோசப் இயக்கம், டொவினோ தோமஸ் நாயகன். அதில் தற்காப்புக் கலை கற்பிக்கிற பெண்ணொருத்தியின் பட்டப்பெயரே 'புரூஸ் லீ' பிஜி. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து ஊரில் பெண்ணாகத் திரும்பி வந்த புரூஸ் லீயை எங்கள் பிள்ளை தமிழ்க் குரலில் பார்த்துக் கைதட்டினாள். அவள் அண்ணனோ அந்தப் படத்தின் வில்லனுக்காக வாதாடினான். குரு சோமசுந்தரம் நடித்த ஷிபு தேநீர்க் கடையில் வேலை செய்கிறவன், ஊரே ஒதுக்கி வைத்தவன். அவனை அப்படி ஆக்கியது யார் என்று கேட்டு இராச் சாப்பாடு முடியும் வரை விடவில்லை.

அந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒற்றை டெக்கின் முன் ஒன்றாகக் கைதட்டிய காலத்தை நான் இழிவாகச் சொல்ல மாட்டேன், அந்த ஒற்றுமையில் உயிர் இருந்தது. ஆனால் எங்களுக்கு அன்று தேர்ந்தெடுக்க எதுவும் இருக்கவில்லை. வந்த படத்தைப் பார்த்தோம், தந்த கூலியை வாங்கினோம். இன்று ஒரு படம் வந்தால் ஒருவன் உடம்பைப் பார்க்கிறான், ஒருவன் வரலாற்றைத் தட்டிப் பார்க்கிறான், ஒருத்தி பெண்ணின் பங்கைக் கேட்கிறாள், ஒரு கிழவர் லட்சுமணனைச் சாட்சிக்கு அழைக்கிறார். கருத்துப் பிளவு என்று இதைக் கண்டு சலித்துக்கொள்ளத் தேவையில்லை. வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சமூகம் எடை போடப் பழகியிருக்கிறது.

2023இல், எங்கள் சனம் மலையகத்துக்கு வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் செத்துச் செத்து விழுந்த பாதை அது. அந்தப் பாதையிலும் முல்லோயாவிலும் டெவனிலும் கதைகள் கிடக்கின்றன. எங்கள் தேயிலை மலையைப் பாட்டுக்குப் பின்னணியாக மட்டும் பார்க்கிற கமராக்கள் அந்தக் கதைகளிடம் வர வேண்டும். எங்கள் பிள்ளைகளே அந்தக் கமராவைப் பிடிக்க வேண்டும். அந்தப் படத்தின் நாயகிக்குச் சிலம்பம் தெரிந்திருக்கட்டும், முகம் திறந்திருக்கட்டும், ஒரு நாள் வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்பதும் தெரிந்திருக்கட்டும். அதைப் பார்த்துவிட்டும் எங்கள் லயத்தில் காம்பராவுக்கு ஒரு தீர்ப்பு வரும். வரட்டும்.