செல்ஃப் எடுக்காத ஆஸ்டின்

எங்கள் ஆஸ்டின் ஏ40க்கு எண்ணூர்தான் சொந்த ஊர். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், மறுவருஷமே அங்கே இந்தக் கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. 1955இல் கம்பெனி அசோக் லேலண்ட் ஆகி, லாரி பஸ் பக்கம் போய்விட்டது. பிறந்த வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினாலும் இன்றைக்கு ஒரு நட்டு கிடைக்காது.

செல்ஃப் செத்ததும் யோசனைகள் குவிந்தன. காசிமேட்டு போட் மெக்கானிக் ஒருவர், "லாரி செல்ஃப் ஒண்ணு சும்மாதான் கீது, மாட்டிப் பாக்கலாமா சார்?" என்றார். அது 24 வோல்ட், எங்கள் பேட்டரி 12. அந்த மோட்டாரைச் சுற்றவைக்கத் தனியாக ஒரு ஹேண்டில் போட வேண்டியிருக்கும்.

வேறு செல்ஃப் கிடைக்கும்வரை தள்ளு ஸ்டார்ட்தான். துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் டிரைவர்கள் இறங்கி வந்து ஆசையாகத் தள்ளுவார்கள். காலையிலிருந்து எதையாவது நகர்த்திய திருப்தி அவர்களுக்கு. தள்ளியவர்களுக்கு டீ என் கணக்கு.

புதுப்பேட்டைக் கடைக்காரர், "அம்பாசடர் செல்ஃப் எட்த்துக்கோ சார், ரெண்டும் ஒரே குடும்பம்" என்றார். புளுகில்லை. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின் எங்கள் 1200 சிசி இன்ஜினின் வழிவந்ததுதான். ஆனால் பங்காளி உறவையெல்லாம் ப்ளைவீல் மதிப்பதில்லை. போல்ட் ஓட்டை பொருந்த வேண்டும், பினியன் பல் ரிங் கியர் பல்லோடு சேர வேண்டும், சுற்றும் திசை ஒன்றாக இருக்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தாலும் சுபாவம் ஒத்துப்போக வேண்டும். புது மாடல் செல்ஃப், பல்லை நிதானமாகக் கோத்துவிட்டுச் சுற்றும். பழசு அந்தக் காலத்துப் பெரியப்பா மாதிரி. முதலில் சுற்றிச் சுழன்று ஆடிவிட்டு, அந்த வேகத்தில்தான் பினியனை எறிந்து விஷயத்துக்கு வரும்.

எங்கள் தெரு மெக்கானிக் இரண்டு செல்ஃபையும் சாக்கின்மேல் படுக்கவைத்து, பல்லை விரலால் எண்ணினார். எண்ணிக்கை ஒத்துவரவில்லை. மறுபடி எண்ணினார், பல் முளைக்கவில்லை. கடைசியில் அம்பாசடர் மோட்டாரின் தண்டில் பினியனை எறியும் எங்கள் பழைய பெண்டிக்ஸைக் கழற்றி மாட்டினார். சாவியைத் திருப்பியதும் "க்ர்ராங்" என்று ஒரு சத்தம், இன்ஜின் பிடித்துக்கொண்டது.

தெருவே கைதட்டியது. டீக்கடைக்காரர் மட்டும் கிட்டே வந்து, "நல்லாத்தானே சார் தள்ளினு இருந்தாங்க?" என்றார்.