கன்னியாவில கம்பி குத்த வந்த தம்பிக்கு

வா தம்பி, இப்பிடி நிழலுக்கை இரு. ராவணன் தாயின்ர ஈமக்கடனுக்குத் தண்ணி தேடி வாளால இந்தக் கன்னியா நிலத்தில குத்தினான், குத்தின இடமெல்லாம் வெந்நீர் ஊறிச்சுது எண்டு நான் சொன்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாய். சிரி. நீயும் உருக்குக் கம்பியால நிலத்தில குத்தத்தானே வந்தனி? அவனுக்கு ஏழு கிணறு கிடைச்சுது. உனக்குக் கம்ப்யூட்டரில ஒரு கலர்ப் படம் கிடைக்கும். அதில குளிக்கேலாது.

கோவியாதை. உன்ர வித்தை எனக்கும் கொஞ்சம் விளங்கும். ரெண்டு கம்பியால கரண்டை இறக்கி, மற்ற ரெண்டில வோல்டேஜ் பார்க்கிறாய். ஆழம் தெரிய வேணுமெண்டா கம்பிகளை அகட்டி அகட்டி வைக்கவேணும். காணிக்காரன் உள்ள விடவேணுமே! அதுக்குத்தான் மற்ற மாக்னெட்டோடெலூரிக் பெட்டி. பேரைச் சொல்லவே எனக்குப் பல்லுக் கழருது. மின்னலும் சூரியக் காத்தும் சும்மா தாற அலையைப் பிடிச்சுக் கிலோமீட்டர் கணக்கில கீழ பார்க்குமாம். கூலி கேட்காத வேலைக்காரர்தான், ஆனா ஆறுதலாத்தான் வருவினம். ஆழமாப் பார்க்கப் பார்க்க மெதுவா ஆடுற அலைதான் வேணும். இரா முழுக்கக் காத்துக் கிடக்க வேணும். பக்கத்தில யானை வேலிக் கரண்ட் டிக் டிக் எண்டு அடிச்சா, பெட்டி அதையும் சேர்த்து எழுதி வைக்கும்.

அப்ப வெந்நீர் எப்பிடி வருது? இலங்கையில எரிமலை இல்லை. மழைத்தண்ணி பாறை வெடிப்பால இறங்கி, கிலோமீட்டருக்கு 25, 30 பாகை கூடுற சூட்டில காய்ஞ்சு, வேறொரு வெடிப்பால ஏறி வருது. வாற வழியில பச்சைத்தண்ணியோட கலந்து ஆறியும் போகும். அதால கிணத்தில கைவிட்டுப் பார்த்துக் கீழ எவ்வளவு சூடெண்டு சொல்லேலாது. மகாஓயா வெந்நீர் ஊத்துத் தண்ணி இதைவிடக் கொதி. அதுக்காக அங்கத்தை அடுப்புப் பெரிசெண்டு அடிச்சுச் சொல்லிப்போடாதை.

பெரிய மோசம் இனித்தான். கருங்கல்லில கரண்ட் ஓடாது, வெடிப்புக்குள்ள நிக்கிற தண்ணியில ஓடும். சரி. களிமண்ணிலயும் ஓடுமே? உப்புத் தண்ணியிலயும் ஓடுமே? கடலும் தூரமில்லை. பென்சில்கரி தோண்டி ஏற்றுமதி செய்யிற நாடப்பா இது, அந்தக் கரியிலயும் கரண்ட் ஓடும். படத்தில கரண்ட் ஓடுற இடமெண்டு சிவப்பா ஒரு புள்ளி வந்த உடன "கண்டுபிடிச்சிட்டன், மின்சார நிலையம் கட்டலாம்" எண்டு பேப்பர்காரரைக் கூப்பிடாதை. காந்தமானியையும் தூக்கிக்கொண்டு நட. கீழ டோலரைட் பாறைச் சுவர் ஏதும் ஊடறுத்துக் கிடந்தா அது காட்டித்தரும். தண்ணியை எடுத்துக் கரைஞ்ச சிலிக்காவையும் பார்ப்பி. மூண்டு சாட்சியும் ஒரே கதை சொன்னாப் பிறகு துளைபோடக் காசு கேள்.

சரி, பொழுது படுகுது. பெட்டியை இஞ்ச விட்டிட்டுப் போறாயெண்டா வயரை மண்ணுக்கை தாட்டுப்போட்டுப் போ. என்ர மாடு சப்பின இடத்தையும் நீ விடியக் காலமை வெந்நீர் எண்டு கீறிப்போடுவாய்.