சும்மா நிற்கும் கார்: ஒரு விசாரணை

சும்மா இருப்பது மனிதனுக்கு எவ்வளவு அரிது என்பதைத் தாயுமானவர் முதலானோர் நமக்கு விளக்கிவிட்டார்கள். அதே நிலை ஒரு காருக்கு எவ்வளவு அரிது என்பதை விளக்கும் பொறுப்பு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் தலையில் விழுந்தது. எடுத்துக்கொண்ட பொருள் இது: பிரிட்டனில் ஒருவர் இரண்டாவதாக ஒரு கார் வாங்குகிறார். பழையதை விற்க மனமில்லை, ஓட்டும் எண்ணமும் இல்லை. புதியதற்கு இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டு, பழையதை ஓரமாக நிறுத்தி அதன் பாலிசியை ரத்து செய்துவிட்டால் பணம் மிச்சம் என்று கணக்குப் போடுகிறார். கணக்கு சரிதான், தத்துவம்தான் தவறு. ஒரு கார் நிற்கிறது என்பது அந்தக் காரைப் பற்றிய செய்தியே அன்று. அதை வைத்திருப்பவர் அரசுக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைப் பற்றிய செய்தி. எழுதிக் கொடுக்காதவரை, எஞ்சின் இறந்து டயர் தரைதட்டிய வண்டியும் ஓடிக்கொண்டிருப்பதாகவே கொள்ளப்படும். இதுவே நம் துணிபு.

சாலையில் வண்டியைப் பயன்படுத்துவோர் மூன்றாம் நபருக்கான காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று பிரிட்டன் விதித்தது 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில். பயன்படுத்துவோர் என்றதும் ஸ்டீயரிங், ஆக்சிலரேட்டர், ஹாரன் என்று பாமர மூளை கற்பனை செய்துகொள்ளும். 1958 டிசம்பரில் பழுதாகி வீட்டு வாசலிலேயே நின்றுபோன ஒரு காரின் சொந்தக்காரருக்கும் அப்படிப்பட்ட மூளைதான் வாய்த்திருந்தது. காரை ஜாக்கி வைத்துத் தூக்கினார், பேட்டரியைக் கழற்றினார், இன்ஷூரன்ஸை முடித்துக்கொண்டார். பிப்ரவரியில் ஒருநாள் ஜாக்கியை இறக்கிவிட்டுக் காரைத் துடைத்தார், பூட்டுகளுக்கு எண்ணெய் விட்டார். எஞ்சின் அப்போதும் ஓடவில்லை. ஆனாலும் காப்பீடின்றிக் காரைப் பயன்படுத்தினார் என்று வழக்கு வந்து, எலியட் எதிர் கிரே என்ற பெயரில் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. வண்டி வேண்டியபோது கைக்கு எட்டும்படி சாலையில் இருக்கிறதா, அது போதும், அதுவே பயன்பாடு என்றார் தலைமை நீதிபதி பார்க்கர் பிரபு. தள்ளினால் நகரும் வண்டி என்பதால்தானே அப்படிச் சொன்னார், அறவே நகராத வண்டி என்றால் விட்டிருப்பாரே என்று நுட்பமாக மடக்குவோர் இருக்கக்கூடும். அவர்களுக்கான விடை 1990-களில் கிடைத்தது. பம்பியன் எதிர் வைன்ஸ் வழக்கின் கார் ஏழு மாதம் தெருவில் நின்றது. டயர்களில் காற்றில்லை, பின் பிரேக்குகள் இறுகிவிட்டன, கியர்பாக்ஸில் எண்ணெய் கிடையாது. பழுது பார்க்காமல் அதை அசைக்கவே முடியாது. ஏழு மாதம் ஓரிடத்தில் அசையாமல் இருக்கும் பொருளுக்கு நம் ஊரில் மஞ்சள் குங்குமமாவது வைத்திருப்பார்கள். அங்கே நீதிமன்றம் அதையும் பயன்பாட்டில் உள்ள வாகனம் என்றுதான் தீர்த்தது.

இவ்வளவும் சாலையில் நின்ற கார்களைப் பற்றிய சட்டம். சொந்தக் கொட்டகையில், பூட்டிய கதவுக்குப் பின்னால் நிற்பவை அதுவரை நிம்மதியாகத்தான் இருந்தன. 1998 ஜனவரி 31 முதல் அந்த நிம்மதிக்கும் படிவம் வந்தது. ஸ்டாட்யூட்டரி ஆஃப் ரோடு நோட்டிஃபிகேஷன், சுருக்கமாக சார்ன். என் வண்டி சாலையில் இல்லை, இனி நானாக வரி கட்டும்வரை வராது என்று ஸ்வான்சீ நகரிலுள்ள வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் மிச்சமுள்ள முழு மாதங்களுக்கான வரி திரும்பி வரும். தெரிவிக்காவிட்டால் என்ன என்ற கேள்விக்கு 2011 ஜூன் முதல் பதில் கடுமையானது. பதிவில் உள்ள ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்று இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும், அல்லது சார்ன் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வண்டியை வைத்திருப்பதே குற்றம். இதைப் பிடிக்க எந்தக் கான்ஸ்டபிளும் தெருவில் நிற்க வேண்டாம். வாகனப் பதிவேட்டையும் காப்பீட்டுத் தரவுத்தளத்தையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும், கடிதம் போகும், அதன் பிறகு 100 பவுண்டு அபராதம்; நீதிமன்றத்துக்குப் போனால் 1,000 பவுண்டு வரை. காரும் தூங்க, சொந்தக்காரரும் தூங்க, இருவருமாகச் சேர்ந்து செய்யக்கூடிய குற்றம் என்று உலகச் சட்டவியலில் இதற்கு ஒரு தனி இடம் கொடுக்கலாம். (நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டமும் பிரிட்டனின் இன்றைய சாலைப் போக்குவரத்துச் சட்டமும் ஒரே 1988-இல் பிறந்தவை. ஆனால் நம்முடையது பொது இடத்தில் வண்டியைப் பயன்படுத்துவதைப் பற்றித்தான் கேட்கிறது. போர்ட்டிகோவில் உறை போர்த்திய வண்டியின் உள்மனம் அதற்குத் தேவைப்படவில்லை.)

இங்கே முதல் ஆட்சேபம் எழுகிறது. ஒரு படிவம்தானே, இலவசம்தானே, எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்ததல்லவா? அற்றன்று. சார்ன் செய்த வண்டி பொதுச் சாலையில் ஓடக்கூடாது என்பதோடு, பொதுச் சாலையில் நிற்கவும் கூடாது. இங்கிலாந்தின் பழைய நகரங்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் ஆயிரமாயிரம். வாசலைத் திறந்தால் நடைபாதை, நடைபாதையை ஒட்டிச் சாலை. அவ்வீடுகளில் குடியிருப்போரின் கார்கள் தெருவில்தான் உறங்குகின்றன. ஆகவே அவர்களுடைய பழைய கார் சும்மா இருக்க விரும்பினாலும் அதற்கு வழியில்லை. முற்றமோ கொட்டகையோ உள்ளவரின் கார் மட்டுமே ஓய்வுபெறத் தகுதி உடையது. ஓடாமல் இருப்பதற்கும் நிலம் வேண்டும் என்ற இந்த உண்மையைப் பொருளாதார நூல்கள் ஏனோ கவனிக்கவில்லை. நிலமற்ற காருக்கு இன்ஷூரன்ஸும் வரியும் கட்டித் தெருவில் நிறுத்துவது ஒரு வழி. கொட்டகையை வாடகைக்கு எடுப்பது இன்னொன்று. மிச்சம் பிடிக்கக் கிளம்பியவர் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைப்பது நல்லது.

இரண்டாம் ஆட்சேபம் சற்று வலுவானது. ஓர் உடல் ஒரு நேரத்தில் ஒரு காரில்தான் அமர முடியும். இரண்டு கார், ஒரே ஓட்டுநர். ஆபத்து ஒன்றுதான் என்றால் பிரீமியம் மட்டும் ஏன் இரண்டு? வாதம் கேட்க இனிமையானது, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் இதை நெடுநாளாகக் கேட்டுத் தலையாட்டி வந்திருக்கின்றன. பாலிசி வண்டியைச் சார்ந்தது என்பது அவர்கள் பதில். ஆனால் விபத்தில்லாமல் ஓட்டியதற்குக் கிடைக்கும் நோ க்ளெயிம் தள்ளுபடி மட்டும் ஓட்டுநரைச் சார்ந்தது. ஆபத்து இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், நல்லொழுக்கம் ஆன்மாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்! இந்தத் தள்ளுபடி ஏறக்குறைய நம் புண்ணியக் கணக்குபோல வேலை செய்கிறது: ஆண்டுதோறும் சேரும், ஒரே ஒரு க்ளெயிமில் கரையும், ஒரு நேரத்தில் ஒரு பிறவியில் மட்டுமே செலவழிக்கலாம். பத்தாண்டு பழியில்லாமல் ஓட்டியவர் அந்தப் பத்தாண்டைப் பழைய காரில் வைத்திருந்தால், இரண்டாவது காரின் முன் நேற்று லைசென்ஸ் வாங்கியவரைப் போல நிற்க வேண்டியதுதான். தள்ளுபடியைப் புதியதற்கு மாற்றிக்கொண்டால், பழையது கொட்டகையிலிருந்து வெளிவரும் நாளில் சுழியத்திலிருந்து தொடங்கும். எதிலும் செலவழிக்காமல் கையில் வைத்திருந்தால் பெரும்பாலான கம்பெனிகளிடம் அது இரண்டு ஆண்டில் காலாவதியாகிவிடும். சில கம்பெனிகள் கருணை கூர்ந்து முதல் காரின் தள்ளுபடியை இரண்டாவதற்கும் பிரதி எடுத்துத் தருகின்றன. குடும்பத்துக் கார்கள் எல்லாவற்றையும் ஒரே பாலிசியில் சேர்ப்பதும் உண்டு. விதியை விடக் கருணை விலை மலிவு என்பதால் முதலில் அதைக் கேட்டுப் பார்ப்பதே விவேகம்.

மூன்றாவதாக ஒருவர் வருவார். அவரைச் சிரித்து அனுப்ப முடியாது. பூட்டிய வீட்டில் நிற்கும் கார் யாருக்கு என்ன தீங்கு செய்யும் என்பது அவர் கேள்வி. ஐரோப்பிய நீதிமன்றம் 2018-இல் தீர்த்த ஒரு போர்ச்சுகல் வழக்கு இதற்கு விடை. உடல்நலம் குன்றியதால் ஒரு பெண்மணி காரை முற்றத்தில் நிறுத்திவிட்டார். ஆனால் முறைப்படி அதைப் புழக்கத்திலிருந்து விலக்கவில்லை, இன்ஷூரன்ஸும் எடுக்கவில்லை. 2006-இல் அவருக்குத் தெரியாமல் மகன் அதை எடுத்துப் போனார். கார் சாலையை விட்டு விலகியது. மகனும் உடன் சென்ற இருவரும் இறந்தார்கள். ஓட்டும் உத்தேசம் தாய்க்கு இல்லை என்பது காருக்குத் தெரியாது என்பதே தீர்ப்பின் சாரம்: பதிவில் இருக்கிறது, ஓடும் நிலையில் இருக்கிறது, ஆகவே காப்பீடு வேண்டும். நம் துணிபுக்கு இதைவிட உறுதியான சான்று தேவையில்லை. அதே நீதிமன்றம் நான்கு ஆண்டுக்கு முன், ஸ்லோவேனியாவில் ஒரு பண்ணை முற்றத்தில் பின்னோக்கி வந்த டிராக்டரின் டிரெய்லர் ஏணியை இடித்து ஒருவரைக் கீழே தள்ளிய வழக்கில், தனியார் நிலத்தில் நடந்தாலும் காப்பீட்டுக் கடமை உண்டு என்று சொன்னது. பிரிட்டன் அதைக் கேட்டு நடுங்கி, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பின் 2022-இல் தனிச் சட்டம் போட்டு அதைத் தன் மண்ணிலிருந்து துடைத்தெறிந்தது. சார்ன் செய்த கொட்டகைக் காருக்குக் கட்டாயக் காப்பீடு வேண்டாம் என்ற சலுகை அப்படித்தான் பிழைத்திருக்கிறது.

கட்டாயம் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடாது. 2010-இல் ஒருவர் எம்.ஓ.டி. தகுதிச் சோதனையில் தோற்ற தன் காரை, வேலை செய்யும் இடத்திலேயே அடிப்பாகத்தில் வெல்டிங் வைத்துச் சரிசெய்யப் பார்த்தார். பொறி பறந்தது, கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நேர்ந்த சேதம் 20 லட்சம் பவுண்டுக்கு மேல். இது காரைப் பயன்படுத்தியதா, பழுது பார்த்ததா என்று விவாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. வெல்டிங் வைப்பது பயன்பாடு ஆகாது, ஆகவே கார் பாலிசி பொறுப்பாகாது என்று 2019-இல் முடிவாயிற்று. ஆக, தெருவில் டயர் காற்றிறங்கி நின்ற கார் பயன்பாட்டில் இருந்தது. நெருப்பு மூட்டிய கார் பயன்பாட்டில் இல்லை. நீதிபதிகளின் தர்க்கத்தைப் படித்தால் இரண்டும் சரி என்றே படுகிறது, அதுதான் கவலை. எனவே கொட்டகைக் காருக்கும் தீ, திருட்டுக்கு மட்டுமான மலிவு பாலிசி ஒன்றை விற்கிறார்கள்; ஓட்டுவதற்கு உரிமை தராத கார் இன்ஷூரன்ஸ் என்று அதை அழைப்பதில் தவறில்லை.

இனி, நடைமுறையில் வரிசை மாறாமல் இருப்பதே எல்லாம். முதலில் சார்ன், அதன் பிறகே பாலிசி ரத்து. மாற்றிச் செய்தால் இடைப்பட்ட நாளில் தூங்கும் கார் குற்றவாளியாகிவிடும். திரும்பி வரும்போது தலைகீழ்: முதலில் இன்ஷூரன்ஸ், பிறகு எம்.ஓ.டி. சோதனை, பிறகு வரி. சார்ன் உள்ள வண்டி சாலையில் போகலாம் என்பதற்குச் சட்டம் விட்டிருக்கும் ஒரே வாசல், முன்கூட்டி நேரம் குறித்த சோதனைக்குப் போகும் பயணம். அதற்கும் இன்ஷூரன்ஸ் வேண்டும். மற்றபடி வெளியே எடுத்தால் 2,500 பவுண்டு வரை அபராதம். பழைய காரைச் சார்னோடு விற்றுவிடலாமே என்றால், சார்ன் வாங்குபவருக்குப் போகாது. அவர் தன் கையால் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில், எந்தப் படிவமும் இல்லாமல் உண்மையாகவே சும்மா நிற்கும் கார்களைப் பிரிட்டிஷ் சட்டம் ஒரு வகையில் ஒப்புக்கொள்கிறது: 1998 ஜனவரி 31-க்கு முன்பே சாலையை விட்டு விலகி, இன்றுவரை திரும்பிவராதவை. அந்தக் கூட்டத்தில் இனி யாரும் சேர முடியாது.