தேய்டயர்: ராணிப்பேட்டைப் பிக்கப் வண்டிகளின் பட்டன் தேய்மானம், ஒரு திணையியல் நோக்கு

பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பொருள் எதுவானாலும் சரி, தலைப்பில் ‘நோக்கு’ என்ற சொல் இருந்தால் போதும் என்றது சுற்றறிக்கை. கட்டுரை நான்கு பக்கம். ஐந்தாம் பக்கத்திலிருந்து பக்கத்துக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம். பணம் கட்டிய பத்தாவது நிமிடம், ‘வல்லுநர் குழு தங்கள் கட்டுரையை ஆழ்ந்து பரிசீலித்து ஏற்றுக்கொண்டது’ என்று செய்தி வந்தது. நான் இன்னும் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டுரையை எழுதாமல் விடுவது மரபன்று. ஆகவே ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் சொல். ‘தேய்ந்த டயர்’ என்று எழுதுவோர் இலக்கணம் அறியாதோர். ‘தேய்டயர்’ என்பதே செம்மை. ஊறுகாய் போல இது வினைத்தொகை. தேய்ந்த, தேய்கின்ற, தேயும் என்று முக்காலமும் உள்ளே மறைந்து நிற்கும். ‘மொட்டை டயர்’ பண்புத்தொகை. ‘கம்பி டயர்’ என்பது கம்பியைக் காட்டும் டயர் என விரிவதால் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இதற்கடுத்த தொகை, புது டயருக்கு எண்ணிக் கொடுப்பது. டயரின் முகத்தில் கட்டங்கட்டமாக எழுந்து நிற்கும் ரப்பரைப் பொறியியலார் ட்ரெட் என்பர். ராணிப்பேட்டையில் அது பட்டன். சட்டைப் பட்டனோடு இதற்குள்ள உறவு எளிது: இரண்டும் போனால் மானம் போகும் (பஞ்சர் கடைக்காரர், வாய்மொழி, முதல் டீ).

‘ஸ்டெப்னி’ தனி ஆய்வுக்குரியது. வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் 1904 வாக்கில் உபரிச் சக்கரம் செய்யப் புறப்பட்டவர்கள், தாங்கள் இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அங்கே அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. இங்கே வண்டிக்கு அடியில் தொங்குகிறது. மூல இடத்தில் மாய்ந்த சொல் தொலைவிடத்தில் வாழும் என்பது மொழிநூலார் கொள்கை. ஐயமுள்ளோர் ஸ்டெப்னியை இறக்கிப் பார்க்கலாம். காற்று இருக்கும் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

ஆய்வெல்லை வருமாறு. 1751இல் ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் முற்றுகையைத் தாங்கிக் கிடந்த கிளைவின் பீரங்கிச் சக்கரங்களுக்குப் பட்டன் இல்லாமையால் அவை நீக்கப்பட்டன. லாரி பெரிது என்பதால் விலக்கு. ஸ்கூட்டர் என்னுடையது என்பதால் விலக்கு.

காற்றடைத்த டயரின் தோற்றம் ராணிப்பேட்டையே என்று நிறுவ விரும்புகிறேன். சான்று மெலிந்திருப்பதால் குரலை உயர்த்துகிறேன். 1888 வாக்கில் பெல்ஃபாஸ்டில் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் கட்டிக்கொடுத்த ஜான் பாய்டு டன்லப் யார்? கால்நடை மருத்துவர். கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் எங்கே இருக்கிறது? ராணிப்பேட்டையில். நிலையம் வந்ததே 1932இல், டன்லப் 1921இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மறுப்போர் காலக்கணக்கில் கால் மாட்டிக்கொண்டவர்கள். டன்லப்புக்கு நாற்பது ஆண்டு முன்பே ராபர்ட் வில்லியம் தாம்சன் இதே பொருளுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அது தெரியவந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போயிற்று. முன்னாய்வைப் படிக்காமலே ‘முதன்முதலாக’ என்று அறிவிக்கும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் தோன்றியதன்று என்பது இதனால் பெறப்படும்.

பிற்காலச் சான்று இன்னும் உறுதி. அரக்கோணத்தை அடுத்த இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய நிறுவனம் அது. ரப்பருக்குள் காற்று என்ற கொள்கையில் அன்றுமுதல் மாற்றமில்லை. 2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து ராணிப்பேட்டை மாவட்டம் பிரிந்தபோது அரக்கோணமும் கூடவே வந்தது. ஆக, ஒரு டயர் மாவட்ட எல்லையைத் தாண்டாமலே பிறந்து, ஓடி, தேய்ந்து, அடங்கலாம்.

அடுத்தது கல்வெட்டியல். டயரின் பக்கச் சுவரில் ‘145 ஆர் 12’ என்று கண்டால் அகலம் 145 மில்லிமீட்டர், கட்டு ரேடியல், ரிம் 12 அங்குலம் என்று கொள்க. 2005இல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் குட்டியானை, இதில்தான் நடக்கிறது. அதே சுவரில் ஒரு சிறு வட்டத்துக்குள் நான்கு எண். நான் படியெடுத்தது 2319. முதலில் சக ஆண்டு என்று வாசித்தேன், கி.பி. 2397 என்று வந்தது. டயர் பிறக்க இன்னும் முந்நூற்றுச் சொச்ச ஆண்டு இருக்கிறது என்ற முடிவோடு ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். கடைப் பையன் எட்டிப் பார்த்து, “முன்னால ரெண்டு வாரம் சார், பின்னால ரெண்டு வருஷம்” என்றான். 2019இன் 23ஆம் வாரம். 2000க்கு முந்தைய டயர்களில் மூன்றே எண் என்பதும் அவன் உரைதான். அவன் பள்ளியை எட்டாவதோடு நிறுத்தியவன் ஆதலால் இக்கருத்தை அடிக்குறிப்பில்கூடச் சேர்க்க இயலாது. என் கண்டுபிடிப்பாக மேலே சேர்த்திருக்கிறேன்.

அளவை மூன்று. அரசளவை: 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிப்படி நான்கு சக்கர வண்டியின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. அந்த மட்டத்தில் பள்ளத்துக்குள் குட்டித் திட்டு ஒன்று வார்த்திருப்பார்கள், பட்டன் அதைத் தொட்டால் கதை முடிந்தது. நாணயவளவை: அமெரிக்கர் ஒரு சென்ட் காசைத் தலைகீழாகப் பள்ளத்தில் செருகுவர், லிங்கன் தலை முழுதும் தெரிந்தால் டயர் தீர்ந்தது. நம் ரூபாய்க் காசில் தலைவர் தலை இல்லை, சிங்கமே இருக்கிறது. சிங்கத்தின் பிடரிவரையா காதுவரையா என்பதில் அறிஞர் இன்னும் ஒன்றுபடவில்லை. மூன்றாவது கட்டைவிரலளவை. கடைக்காரர் குனிந்தார், விரலால் ஒருமுறை தடவினார்.

“இன்னாணா, கம்பி எட்டிப் பாக்குது, இன்னும் லோடு ஏத்துற?”

“ரெண்டு ட்ரிப்பு போவும்பா. மொதலாளி கையில சொல்லிட்டன்.”

“டயரு கையில சொன்னியா?”

இவ்வளவையின் துல்லியம் விளக்கவியலாதது, எனவே அறிவியலன்று (மேலது, இரண்டாம் டீ, சர்க்கரை கம்மி, ‘டயரு கையில’ என்பதற்கு ‘டயரிடம்’ என்று பொருள் கொள்க என்பது கிளீனருரை, டயருக்குக் கையேது என்பது டிரைவருரை).

தேய்மானக் காரணம்: காற்று கூடினால் நடு தேயும், குறைந்தால் இரு ஓரமும் தேயும், அலைன்மென்ட் போனால் ஒரே ஓரம் தேயும், ஷாக் அப்சார்பர் போனால் குழிகுழியாகத் தேயும், ஓவர்லோடு ஏற்றினால் எல்லாம் தேயும். எல்லோருக்கும் தெரிந்த உண்மை ஆதலின் ஆய்வுக்கு உதவாது.

இனிக் கட்டுரையின் உயிர்நிலை. கடை வாசலில் ஒருநாள் நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய பிக்கப் ஒன்று வந்து நின்றது. ‘ஆல் டெரெய்ன்’ டயர். பட்டன் ஒவ்வொன்றும் அதிரசக் கனம், இடையே விரல் போகும் பள்ளம். சேற்றையும் சரளையையும் கடிக்கச் செய்த டயர் அது. தார்ச்சாலையில் ஊளையிடும், வேகமாகவும் கரையும். அந்த வண்டி தாரைவிட்டு இறங்கியதில்லை. ஞாயிறுதோறும் ஆம்பூருக்குப் போய்ப் பிரியாணி தின்று திரும்புகிறது. ஆல் டெரெய்ன் என்றால் அனைத்து நிலம். நிலம் ஐந்து. அந்தக் கணத்தில் எனக்குப் பொறி தட்டியது. ஐந்திணையைப் பொருத்தாமல் விட்ட பொருள் தமிழாய்வில் ஏறக்குறைய ஏதுமில்லை என்ற நிலையில், டயர் மட்டும் தப்பிக்கிடப்பது துறைக்கே இழுக்கு.

முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் வெளிப்படை: டயர் கருப்பு. உரிப்பொருளோ இந்த ஊருக்கென்றே ஆக்கிய சொல். உரித்த பொருளை ஏற்றித்தானே இங்கே வண்டிகள் ஓடுகின்றன? பெரியமேட்டு மண்டியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வரும் உப்புத்தோல், தோல் பதனிடும் ஷாப்புக்கு ஷாப்பு மாறும் வெட் புளூ தோல், ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் முடிந்த தோல். உரையாசிரியர் எவரும் இதைக் காணாமல் போனது அவர்கள் யாரும் தோல் ஊர்க்காரர் இல்லாமையால்.

குறிஞ்சி, புணர்தல். புது டயரும் ரிம்மும் கூடுவது. காற்று ஏற ஏற விளிம்பு ரிம்மில் ‘டப்’ என்று உட்காரும்; அந்த ஒலியே பறை. நிலம் வள்ளிமலை என்பேன். மலையேறப் படிக்கட்டு ஆதலால் குறிஞ்சியில் தேய்மானம் பூச்சியம்.

முல்லை, இருத்தல். லோடு வரும் என்று கம்பெனிக் கேட்டுக்கு வெளியே ஆற்றியிருத்தல். பொழுது மாலை, அது இரவாகும். ஏற்றிய லோடோடு நாள்கணக்கில் நிறுத்திய டயர் அடியில் சப்பையாகும், ஓடாமலே தேயும் அரிய வகை (வாட்ச்மேன், வாய்மொழி, கேட்டின் உட்புறமிருந்து, அவர் ‘போ போ’ என்றதை ‘ஆம்’ எனக் கொண்டேன்).

நெய்தல், இரங்கல். ராணிப்பேட்டைக்குக் கடலில்லையே என்று கேட்போர் உப்புத்தோல் வண்டிக்குப் பின்னால் பைக்கில் போனதில்லை. பலகை இடுக்கில் உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். உப்பு ரப்பரை ஒன்றும் செய்யாது. இரும்பு ரிம்மை அரிக்கும், துருவேறிய விளிம்பு வழியாகக் காற்று மெல்லக் கசியும், காற்றுக் குறைந்த டயரின் ஓரங்கள் கரையும். கடலின்றியே நெய்தலைக் காட்டிய ஒரே ஊர் இது. இரங்குவோர் முதலாளிமார்.

பாலை, பிரிதல். இதற்கென நிலமில்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலை என்பர். மொட்டையும் அவ்வாறே, தனி வகையன்று. புதியதும் பாதியும் திரிந்த திரிபு. நிலத்துக்குப் பாலாறு அருகிலேயே காய்ந்து கிடக்கிறது. பொழுது கத்திரி வெயில், நண்பகல். காற்றுக் குறைந்த டயர் சுருண்டு நிமிர்ந்து சூடேறும், மேலே லோடு, கீழே தார். வாலாஜா தாண்டும் நேரத்தில் பட்டன்பாளம் உடலைவிட்டுப் பிரியும். தலைவன் தலைவி பிரிவுக்காவது திரும்பி வரும் பருவம் உண்டு. நெடுஞ்சாலையோரம் செத்த சாரைப்பாம்பாகக் கிடக்கும் அந்தக் கறுப்புப் பட்டைகளுக்கு அதுவும் இல்லை.

மருதமும் ஊடலும் இறுதியில் விரியும்.

பிரிந்தாரைக் கூட்டுவது ரீபட்டன். இங்குதான் டயரும் தோலும் உடன்பிறப்பு என்ற உண்மை வெளிப்படுகிறது. பச்சைத்தோல் அழுகாமலிருக்கக் குரோமியம் அதன் நார்களை ஒன்றோடொன்று கட்டுகிறது. முன்னாளில் அந்த வேலையை ஆவாரம்பட்டை வேறு வழியில் செய்தது. பச்சை ரப்பர் இளகாமலிருக்கக் கந்தகம் அதன் இழைகளைக் கட்டுகிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டது அதுவே. ஷாப்பிலும் பஃபிங் உண்டு, ரீபட்டன் பட்டறையிலும் பஃபிங் உண்டு. அங்கே தோலின் முகத்தைத் தேய்த்து மழமழப்பாக்குவர்; இங்கே பழைய டயரின் முகத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிப் புதுத்தோல் போர்த்துவர் (பட்டறைச் சுவர், வடக்கு முகம், சுண்ணாம்பெழுத்து, மூன்றாம் வரி; காலண்டர் ஆணியால் ஓரெழுத்துச் சிதைவு; அதை ‘டி’ என்பர் ஒருசாரார், ‘டூ’ என்பர் மறுசாரார், ‘கடன்’ என்ற சொல்லின் எச்சம் என்பது என் துணிபு). நான் முக்கியமாகக் கருதும் பத்தி இதுதான். திணை ஏதுமில்லாமையால் வல்லுநர் குழு இதை நீக்கச் சொல்லும்.

ரீபட்டனுக்கும் தாங்காத டயர் சாவதில்லை. யானை இருந்தாலும் இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற வழக்கு குட்டியானைக்கும் செல்லும். ஓட்டுக்கூரை பறக்காமல் மேலே உட்காரும். பையன்கள் குச்சியால் தட்டி ஓட்டுவார்கள். போகியன்று கொளுத்தாதீர் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டிக்கொள்ளும். பஞ்சர் கடையில் ஆய்வாளர் உட்கார ஆசனமாகவும் ஆகும். கடைசியில் செருப்பாகும். ஒருநாள் ஐரோப்பியக் காலுக்குப் போகும் தோலைச் சுமந்து ஏற்றிக்கொண்டிருந்தவரின் காலில் டயர் செருப்பு. குனிந்து பார்த்தேன். பட்டன் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. வலக்கால் குதியில் மட்டும் ஓரந்தேய்வு, அதாவது அலைன்மென்ட். ஆயுள் கணக்கை எந்த இடத்தில் முடிப்பது என்று கேட்டதற்கு அவர், “தள்ளுங்க சார், வெயிட்டு” என்றார்.

நான்காம் பக்கத்தின் அடி வந்துவிட்டது. காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தார் பொறுத்தருள்க. மருதத்தைக் கட்டணம் அஞ்சி விடுத்தனம்.