ஒருகொடவத்தைச் சுங்கமும் வீட்டுச் சுங்கமும்

கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்களை ஒருகொடவத்தையில் சுங்க அதிகாரிகள் திறந்து பார்க்கிறார்கள். தமிழ்நாட்டு நாவல் ஒன்று அந்தச் சோதனையில் தப்பினாலும், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இன்னொன்று காத்திருக்கிறது. அதிகாரி: அம்மம்மா.

பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் ரமணிசந்திரன் என்றால் உடனே பறிமுதல். "ஓ.எல். சோதினை வருது, உனக்குக் காதல் கதையோ?" அதே பிள்ளை சாண்டில்யனின் 'யவன ராணி'யோடு வந்தால், "சரித்திரமோ? படி, படி" என்று தீர்வையில்லாமல் விடுதலை. ரமணிசந்திரனின் காதல் பெரும்பாலும் கல்யாணத்தில் போய் அடங்கிவிடும். சாண்டில்யனின் வர்ணனை எங்கே போய் அடங்கும் என்பது அம்மம்மாவுக்குத் தெரியாது. அல்லது நன்றாகவே தெரியும். அவவும் அந்த வயதில் 'சரித்திரம்' படித்தவதானே.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950–54) ஐந்து பாகமும் வரவேற்பறை அலுமாரியிலேயே இருக்கும். குந்தவை ராஜ்ய விவகாரத்தில் தலையிடுகிறாள், பூங்குழலி தனியே கடலில் படகு விடுகிறாள். இதையெல்லாம் படித்த பிள்ளை ரியூஷனுக்கு பஸ்ஸில் போவதென்றால் மட்டும் தம்பி துணைக்கு வரவேண்டும்.

1970களில் இலங்கை அரசே இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அந்த இடைவெளியில் வீரகேசரிப் பிரசுரம் உள்ளூர் நாவல்களை மளமளவென்று வெளியிட்டது. இப்போது நாவல் கைபேசிக்குள் வந்துவிட்டது. அம்மம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் திரையில் விஞ்ஞானப் பாடம் ஓடத் தொடங்கிவிடும்.