கடலுக்குப் பயிற்சி, சாக்கடையில் பரீட்சை

திருவனந்தபுரத்துப் பழவங்காடிப் பிள்ளையாருக்குக் கவலையில்லை. கோயிலைக் கவனிப்பது இந்திய இராணுவம். அந்தப் பக்கமாக ஓடும் ஆமையிழஞ்சான் கால்வாய்க்குத்தான் நாதியில்லை. 2024 ஜூலை 13 அன்று, தம்பானூர் ரயில் நிலையத்தருகே அதில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளியை வெள்ளம் இழுத்துப்போனது. கேரளத் தீயணைப்புப் படைக்கு நீர்மீட்பு கற்றுத்தர ஃபோர்ட் கொச்சியில் மையமே உண்டு. பாவம், அவரைத் தேட இறங்கிய ஸ்கூபா வீரர்களுக்கு இங்கே நீந்தத் தண்ணீர் எங்கே? இருட்டுச் சுரங்கத்தில் பிளாஸ்டிக் குவியலைக் கையால் விலக்கி விலக்கி ஊர்ந்தார்கள். கடற்படையும் வந்தது. கரையில், பொறுப்பு யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் நனையாமலே எதிர்நீச்சல் போட்டன. முத்துக்குளிக்கும் பயிற்சி பெற்றவனை மூட்டைக் குப்பையில் தள்ளிய மேற்பார்வைக்கு யார் மேற்பார்வை? ஜூலை 15 காலை, தகரப்பறம்பில் அந்தத் தொழிலாளியின் உடல் மிதந்தது. முதலில் பார்த்தவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள்.