துருவுக்கும் ஒரு விலை

கொச்சி மட்டாஞ்சேரி ஜூ டவுன் பழம்பொருள் கடைகளில், இடித்த தறவாட்டு வீட்டின் கதவுக்கும் தூணுக்கும் இருக்கிற மவுசு, இன்னும் இடியாமல் நிற்கும் வீட்டுக்குக் கிடையாது. பழைய ஜாவா பைக்கின் கதையும் இதேதான். ஓடுகிற வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தென்னை மரத்தடியில் நொறுங்கிக் கிடந்தால் மட்டும் ஆர்வலர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போகிறார்.

மைசூரில் 1961-ல் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலை 1996-ல் மூடப்பட்டது. அதன்பிறகு ஒரிஜினல் பார்ட்ஸ் வேண்டுமென்றால் செத்த வண்டியைத்தான் தேடவேண்டும். உதாரணத்துக்கு லிவர்: ஜாவாவில் கிக்கரும் கியரும் ஒரே லிவர்தான். உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, அதையே முன்னால் திருப்பினால் கியர். புதிதாகச் செய்த லிவர் கச்சிதமாகப் பொருந்தும், பளபளக்கும். அதுதான் அதன் குற்றம்.

"சேட்டா, இது ஒரிஜினலா?"

"துருவைப் பாருங்க சாரே!"

கொச்சியின் உப்புக்காற்றில் நாலு மழைக்காலம் தொங்கவிட்டால் டூப்ளிகேட்டுக்கும் பரம்பரை வந்துவிடும்.

இப்படி மூன்று வண்டியைப் பிரித்து ஒன்றை எழுப்பியபின் அரசாங்கம் வருகிறது. 2021 விதிப்படி, 50 வயது தாண்டி, உருமாறாமல் இருந்தால்தான் விண்டேஜ். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடம் ஓட்டக்கூடாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம். பெட்ரோல் போடப் போய்வரவும் அனுமதி உண்டு.